மீன்தொட்டி மீன்களின் நிறமாற்றம்

மீன்தொட்டி மீன்களின் நிறமாற்றம் என்பது, தொட்டிகளில் வளர்க்கப்படும் மீன்கள் தாம் வாழும் சூழலின் ஒளி, தரையின் நிறம், உடன் வாழும் மீன்கள், நீரின் தன்மை, உணவு ஆகியவற்றுக்கு ஏற்பத் தம் உடல் நிறத்தை மாற்றிக்கொள்வதைக் குறிக்கும். சில மாற்றங்கள் நொடிகளில் தோன்றி மறைகின்றன. வேறு சில முழுமை பெறப் பல வாரங்கள் ஆகின்றன. இயற்கை நீர்நிலைகளில் இத்திறன் எதிரிகளிடமிருந்து மறைந்துகொள்ளவும், துணையை ஈர்க்கவும், பிற மீன்களுக்குத் தன் நிலையை உணர்த்தவும் பயன்படுகின்றது. மீன் வளர்ப்போருக்கோ, மீனின் உடல்நிலையை அறிய உதவும் முதல் அடையாளங்களுள் நிறமும் ஒன்றாகும். எனினும் வெளிறிய மீன்கள் யாவும் நோயுற்றவை அல்ல.

நிறமி உயிரணுக்கள்

மீனின் நிறத்துக்குக் காரணம் அதன் தோலில் உள்ள நிறமி உயிரணுக்கள் ஆகும். பாலூட்டிகளில் நிறமியானது உருவான இடத்திலிருந்து தோலின் பிற உயிரணுக்களுக்கும் மயிருக்கும் வழங்கப்பட்டுவிடுகின்றது. மீன்களில் அது நிறமி உயிரணுவின் உள்ளேயே தங்கியிருக்கின்றது. அவ்வாறு உள்ளே இருப்பதனாலேயே அதனை விரைவாக இடம்பெயர்க்க இயலுகின்றது. இவ்வுயிரணுக்களின் முதன்மையான வகைகள் பின்வருமாறு:

• கருநிறமி உயிரணுக்கள்: மெலனின் என்னும் நிறமியைக் கொண்டவை. கருமை, பழுப்பு நிறங்களைத் தருகின்றன.
• மஞ்சள், செந்நிறமி உயிரணுக்கள்: கரோட்டினாய்டுகளையும் டெரிடின்களையும் கொண்டவை.
• ஒளிதெறிப்பு உயிரணுக்கள்: இவற்றில் நிறமி இல்லை. குவானின் என்னும் பொருளாலான மெல்லிய படிகத் தட்டுகள் அடுக்கடுக்காக அமைந்து ஒளியைத் தெறிக்கச் செய்கின்றன. மீன்களின் வெள்ளி நிறமும் பெரும்பாலான நீல நிறங்களும் இவற்றாலேயே தோன்றுகின்றன.
• வெண்ணிற உயிரணுக்கள்: ஒளியைச் சிதறடித்து வெண்மையாகத் தோன்றுகின்றன. சில இனங்களில் மட்டுமே காணப்படுகின்றன.

மீன்களில் உண்மையான நீல நிறமி மிக அரிதானது. பவளத்திட்டுகளில் வாழும் மாண்டரின் மீன் அதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

விரைவான நிறமாற்றம்

நொடிகள் முதல் சில மணி நேரத்துக்குள் நிகழும் மாற்றம் உடலியக்க நிறமாற்றம் எனப்படுகின்றது. இதில் நிறமியின் அளவு மாறுவதில்லை; அது உயிரணுவுக்குள் இருக்கும் இடம் மட்டுமே மாறுகின்றது. கருநிறமி உயிரணு, பல கிளைகளைக் கொண்ட விண்மீன் போன்ற வடிவுடையது. மெலனின் மணிகள் கிளைகள் எங்கும் பரவும்போது மீன் கருமையாகத் தோன்றும். அவை நடுவில் ஒரு புள்ளியாகக் குவியும்போது மீன் வெளிறித் தோன்றும். இம்மணிகள் உயிரணுவினுள் உள்ள நுண்குழல்களைத் தண்டவாளங்களாகக் கொண்டு நகர்கின்றன. கைனசின் என்னும் புரதம் அவற்றை வெளிப்புறமாகவும், டைனீன் என்னும் புரதம் உட்புறமாகவும் இழுத்துச் செல்கின்றது.

இவ்வியக்கம் இருவழிகளில் கட்டுப்படுத்தப்படுகின்றது. பரிவு நரம்புகள் வெளியிடும் நோரட்ரீனலின் நிறமியைக் குவியச்செய்து மீனை விரைவில் வெளிறவைக்கின்றது. இயக்குநீர்கள் (ஹார்மோன்கள்) குருதி வழியாகச் சற்று மெதுவாகச் செயற்படுகின்றன. கபச் சுரப்பியிலிருந்து வரும் மெலனின் தூண்டும் இயக்குநீர் நிறமியைப் பரவச்செய்கின்றது. மெலனின் குவிக்கும் இயக்குநீர் அதற்கு எதிராகச் செயற்படுகின்றது. பின்னது 1983 ஆம் ஆண்டில் சால்மன் மீனின் கபச் சுரப்பியிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. பாலூட்டிகளின் மூளையிலும் இது உள்ளது. ஆனால் அங்கே பசி, உறக்கம் ஆகியவற்றோடு தொடர்புடையதாக விளங்குகின்றது.

கண்ணின் பங்கு

தரையின் நிறத்தை மீன் தன் கண்ணால் அறிகின்றது. மேலிருந்து வரும் ஒளி விழித்திரையின் கீழ்ப்பகுதியிலும், தரையில் பட்டுத் தெறிக்கும் ஒளி அதன் மேற்பகுதியிலும் விழுகின்றன. இவ்விரண்டையும் ஒப்பிடுவதன் மூலம், வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும், தரை வெண்மையானதா கருமையானதா என்பதை மீன் உணர இயலுகின்றது. கண் பார்வையற்ற மீன்கள் பல வெண்ணிறத் தரையிலும் கருமையாகவே இருக்கின்றன. வரிக்குதிரை மீனின் இளவுயிரிகளில் பார்வைக் குறைபாடு உடையவற்றைத் தேர்ந்தெடுக்க ஆய்வாளர்கள் இவ்வியல்பைப் பயன்படுத்துகின்றனர்.

மெதுவான நிறமாற்றம்

ஒரே நிறச் சூழலில் மீன் பல நாட்கள் தொடர்ந்து இருந்தால், நிறமி உயிரணுக்களின் எண்ணிக்கையும் அவற்றில் உள்ள நிறமியின் அளவும் மாறுகின்றன. இது உருவமைப்பு நிறமாற்றம் எனப்படுகின்றது. யப்பானின் மெடாக்கா மீன்களைக் கருநிறத் தொட்டியில் வளர்த்தால் அவற்றின் கருநிறமி உயிரணுக்கள் பெருகுகின்றன. வெண்ணிறத் தொட்டியில் வளர்த்தால் குறைகின்றன. இவ்வாறு மாறிய மீனைச் சூழல் மாற்றிவிட்டாலும் அது உடனே பழைய நிறத்துக்குத் திரும்புவதில்லை.

சில எடுத்துக்காட்டுகள்

நியான் டெட்ரா: அமேசான் வடிநிலத்தைச் சேர்ந்த இச்சிறு மீனின் ஒளிரும் பட்டை பகலில் நீலப்பச்சையாகவும் இரவில் ஊதா சார்ந்தும் தோன்றுகின்றது. ஒளிதெறிப்பு உயிரணுக்களில் உள்ள குவானின் தட்டுகளின் சாய்வும் இடைவெளியும் மாறுவதே இதற்குக் காரணம். விளக்கை அணைத்து மீண்டும் ஏற்றியவுடன் இம்மீன்கள் மங்கித் தெரிவது இயல்பானது.

பென்சில் மீன்கள்: இவற்றுள் சில இனங்களில் பகலில் தெளிவாக உள்ள நீளக்கோடுகள் இரவில் மங்க, வேறு புள்ளிகள் தோன்றுகின்றன. இரவில் சுரக்கும் மெலட்டோனின் இதில் பங்கு கொள்கின்றது.

சிக்லிட் மீன்கள்: ஆப்பிரிக்க ஏரிகளைச் சேர்ந்த பல சிக்லிட் இனங்களில் ஆதிக்கம் பெற்ற ஆண் மீன் பளிச்சென்ற நிறம் பெறுகின்றது. சண்டையில் தோற்றால் சில நிமிடங்களிலேயே அது மங்கிவிடும். இங்கு நிறத்தை மாற்றுவது தரை அன்று. உடன் வாழும் மீன்களே.

தங்கமீன்: குஞ்சுகள் பொதுவாகக் கரும்பழுப்பு நிறத்துடன் வளர்ந்து, பின்னரே கருநிறமி குறைந்து பொன்னிறம் அடைகின்றன. இது சூழலால் மட்டும் நிகழ்வதன்று. வளர்ச்சியின் ஒரு கட்டமாகும்.

ஆய்வு வரலாறு

ஆஸ்திரிய விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ், மின்னோ என்னும் ஐரோப்பிய நன்னீர் மீனில் நிறமாற்றத்தை நரம்புகள் கட்டுப்படுத்துவதை ஆராய்ந்தார். பார்வை நீக்கப்பட்ட மின்னோவின் தலையுச்சியில் ஒளி விழும்போதும் அதன் நிறம் மாறுவதை 1911 ஆம் ஆண்டில் வெளியிட்டார். மூளையின் அப்பகுதியும் ஒளியை உணர்கின்றது என்பதற்கு இது சான்றாயிற்று. தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து பின்னாளில் புகழ்பெற்ற இவருக்கு 1973 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அமெரிக்க அறிஞர் பிரான்சிஸ் சம்னர் 1930களில் கொசு மீன்களைக் கருநிற, வெண்ணிறத் தொட்டிகளில் வளர்த்து, பின்னர் மீனுண்ணும் பறவைகளுக்கு முன் விட்டார். பின்னணியோடு நிறம் பொருந்திய மீன்கள் குறைவாகவே பிடிபட்டன. நிறமாற்றம் உயிர்காக்கும் திறன் என்பது இதனால் சோதனை வழி நிறுவப்பட்டது.

மீன் வளர்ப்பில் முக்கியத்துவம்

விற்பனைக் கடைகளின் வெறுமையான தொட்டிகளில் வெளிறிக் காணப்படும் மீன்கள், அடர்நிற மணலும் செடிகளும் உள்ள தொட்டிக்கு வந்தபின் நிறம் கூடுவதுண்டு. வெள்ளை வாளியில் சிறிது நேரம் விட்ட மீன் வெளிறுவதும் இயல்பே. எனவே மருந்து இடுவதற்கு முன், மீனின் நிறம் எப்போது, எங்கு, எவ்வாறு மாறியது என்பதைக் கவனிக்க வேண்டும். தேவையற்ற மருந்து மீனுக்கும், நீரைத் தூய்மையாக்கும் நுண்ணுயிர்களுக்கும் கேடு விளைவிக்கக்கூடும்.

கீழ்க்காண்பவை இயல்பான நிறமாற்றத்துக்கு அப்பாற்பட்ட அறிகுறிகளாகும்:

• நிறம் மங்குவதுடன் உணவு உண்ணாமை, துடுப்புகளை ஒடுக்கிக்கொள்ளுதல், விரைவான மூச்சு. நீரில் அமோனியா, நைட்ரைட்டு அளவுகளை உடனே சோதித்தல் வேண்டும்.
• உடலின் ஒரு பகுதி மட்டும் திட்டாக வெளிறுதல். நியான் டெட்ராக்களில் நுண்ணொட்டுண்ணி ஒன்றால் உண்டாகும் நோயில் இவ்வாறு காணப்படும். அத்தகைய மீனைத் தனியே பிரித்து வைப்பது பிற மீன்களுக்கு நல்லது.
• பல வாரங்களாகச் சிவப்பும் மஞ்சளும் மட்டும் குறைந்து வருதல். மீன்களால் கரோட்டினாய்டுகளைத் தாமே உருவாக்க இயலாது; உணவிலிருந்தே பெற வேண்டும். இறால் வகைகள், சுருள்பாசி (ஸ்பைருலினா) முதலியவை கரோட்டினாய்டு மிக்க உணவுகளாகும்.

செயற்கை நிறங்கள்

சூழலால் ஏற்படும் நிறத்தைச் செயற்கை நிறத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. தெற்காசியாவைச் சேர்ந்த கண்ணாடி மீனின் உடலில் ஊசி மூலம் சாயம் ஏற்றி விற்கும் வழக்கம் உண்டு. இது மீனைத் துன்புறுத்துவதுடன் நோய்த்தொற்றுக்கும் வழிவகுக்கின்றது. சாயமும் நாளடைவில் மங்கிவிடும். மாறாக, மரபணு மாற்றத்தால் ஒளிரும் வரிக்குதிரை மீன்களின் நிறம் பிறவியிலேயே அமைந்து, அவற்றின் குஞ்சுகளுக்கும் கடத்தப்படுகின்றது.