சவுத்லாந்து மரத் தண்டவாளப் பாதை

சவுத்லாந்து மரத் தண்டவாளப் பாதை என்பது நியூசிலாந்தின் தென்கோடியிலுள்ள இன்வர்கார்கில் நகரிலிருந்து வடக்கே மக்கரேவா வரை, மரத்தாலான தண்டவாளங்களைக் கொண்டு அமைக்கப்பட்டிருந்த தொடர்வண்டிப் பாதை ஆகும். சுமார் 8 மைல் (13 கிமீ) நீளமான இப்பாதை 1864 அக்டோபரில் திறக்கப்பட்டது.

பின்னணி

1861 இல் ஒட்டாகோவிலிருந்து பிரிந்து சவுத்லாந்து தனி மாகாணமானது. அடுத்த ஆண்டில் வாக்கட்டிப்பு ஏரியை அண்டிய பகுதிகளில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. அவ்வயல்கள் ஒட்டாகோவுக்கு உரியவை எனினும், அங்கு செல்ல இன்வர்கார்கில் வழியே எளிதாக இருந்தது. இடையிலிருந்த நிலமோ சதுப்பு நிலம். மழைக் காலத்தில் சுமை வண்டிகள் சேற்றில் புதைந்தன. இரும்புத் தண்டவாளங்களைக் கடல் கடந்து தருவிக்கப் பெரும் பணம் வேண்டும். மரமோ அருகிலேயே கிடைத்தது. எனவே, ஆஸ்திரேலியாவின் பல்லாரட் நகரைச் சேர்ந்த டேவிஸ் என்பவர் முன்வைத்த மரத் தண்டவாளத் திட்டத்தை மாகாண அரசு ஏற்றது.

மரத் தண்டவாளம் அப்போது புதுமை அன்று. இங்கிலாந்தில் ஹன்டிங்டன் போமான்ட் 1604 அளவில் வொலட்டனில் அமைத்த நிலக்கரிப் பாதையும், பின்னர் டைன் ஆற்றுப் பகுதியில் பெருகிய பாதைகளும் மரத்தாலானவையே. ஆனால், அவற்றில் வண்டிகளை இழுத்தவை குதிரைகள். 1805 இல் வைலம் சுரங்கத்துக்காக ட்ரெவிதிக்கின் வடிவமைப்பில் செய்யப்பட்ட நீராவி இயந்திரம், அங்கிருந்த மரத் தண்டவாளங்கள் தாங்கக்கூடியதை விட அதிக எடை கொண்டிருந்ததால் பயன்படுத்தப்படவில்லை. இந்த முன் அனுபவம் சவுத்லாந்தில் போதிய அளவு கருதப்படவில்லை என்றே கூற வேண்டும்.

இயக்கம்

பல்லாரட்டில் செய்யப்பட்ட லேடி பார்க்லி என்னும் இயந்திரம் 1863 இல் இன்வர்கார்கில் துறைமேடையில் ஓட்டிக் காட்டப்பட்டது. நியூசிலாந்தில் ஓடிய முதல் நீராவித் தொடர்வண்டி இயந்திரம் இதுவே. சாய்வாகப் பொருத்தப்பட்ட துணைச் சக்கரங்கள் இதனைத் தடம் விலகாது காத்தன.

குறுகிய தூர வெள்ளோட்டத்தில் தெரியாத குறைகள் பாதை திறக்கப்பட்டபின் வெளிப்பட்டன. நனைந்த மரத்தில் சக்கரங்கள் பிடிப்பின்றி வழுக்கின. இயந்திரத்தின் எடையால் தண்டவாளங்கள் விரைவில் தேய்ந்து சிதைந்தன. மழை மிகுந்த அந்நாட்டில் இவை சிறு குறைகள் அல்ல.

விளைவுகள்

இதற்கிடையே தங்கம் தேடுவோர் தென் தீவின் மேற்குக் கரைக்குச் செல்லத் தொடங்கியதால் எதிர்பார்த்த வருமானமும் கிடைக்கவில்லை. இப்பாதைக்கும், இரும்பில் அமைக்கப்பட்டு 1867 இல் திறக்கப்பட்ட புளூஃப் துறைமுகப் பாதைக்கும் ஆன செலவு மாகாணத்தைப் பெருங்கடனில் ஆழ்த்தியது. 1870 இல் சவுத்லாந்து மீண்டும் ஒட்டாகோவுடன் இணைக்கப்பட்டது.

மரத்துக்குப் பதிலாக இரும்புத் தண்டவாளங்கள் இடப்பட்டு, 1871 இல் பாதை வின்டன் வரை நீட்டிக்கப்பட்டது.