முடியும் பட்டும் ஓரினம்: அழகுக்கலை படிக்கும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வேதியியல்

காஞ்சிபுரத்தில் பட்டு வாங்கப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அசல் பட்டுதானா என்று சந்தேகம் வந்தால் ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார்கள். முடி கருகும் வாடை வந்தால் பட்டு. பிளாஸ்டிக் உருகும் வாடை வந்தால் பாலியஸ்டர். அழகுக்கலைப் படிப்பின் முதல் பாடமே இதுதான். முடி, பட்டு இரண்டும் புரதம். முடியில் இருப்பது கெரட்டின், பட்டில் இருப்பது ஃபைப்ராயின்.

நம் பெண்பிள்ளைகள் பலர் இன்று இந்தப் படிப்பை விரும்புகிறார்கள். ஐ.டி.ஐ.களில் இதற்கென ஓராண்டுப் பிரிவு உண்டு; தனியார் பயிற்சி நிலையங்களும் உண்டு. பெண்கள் பெண்களுக்கே செய்யும் தொழில், வீட்டில் ஓர் அறை இருந்தால் போதும் என்பதால் பெற்றோரும் சம்மதிக்கிறார்கள். ஆனால் கத்தரிக்கோலையும் சீப்பையும் கற்கும் அக்கறை, பாட்டிலில் உள்ளதைக் கற்பதில் இருப்பதில்லை. ஆபத்து அங்கேதான்.

கச்சாப் பட்டு நூல் விறைப்பாக இருக்கும். செரிசின் என்ற பசை அதைச் சுற்றியிருப்பதே காரணம். சாயம் போடுமுன் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் நூலை வேக வைத்து அந்தப் பசையை எடுப்பார்கள். நூலின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடும். சோடா ஒரு காரம். காரம் புரதத்தை இளக்கும், அளவு மீறினால் இழையையே தின்னும். பிறகு சாயத் தொட்டியில் சிறிது அசிட்டிக் அமிலம் சேர்ப்பார்கள். அமிலச் சூழலில்தான் சாயம் பட்டில் நன்றாகப் பிடிக்கும்.

இதே கணக்குதான் தலைமுடிக்கும். காரத்தன்மை, அமிலத்தன்மையை பி.எச். என்ற எண்ணால் அளக்கிறார்கள், 7 நடுநிலை. முடிக்கு ஏற்றது 4.5 முதல் 5.5 வரை, அதாவது லேசான அமிலம். அம்மோனியா கலந்த ஹேர்டையின் பி.எச். 9-க்கு மேல் போகும். அப்போது முடியின் மேற்செதில்கள் திறந்து சாயம் உள்ளே நுழைகிறது. முடியை நேராக்கும் சில கிரீம்களில் சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கும், அவற்றின் பி.எச். 12-ஐத் தாண்டும். ஐந்து நிமிடம் கூடுதலாக விட்டால் முடி அறுந்து கையோடு வரும், தலைத்தோலும் வெந்துபோகும்.

முடிக்கும் பட்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முடியில் கந்தகப் பிணைப்புகள் நிறைய. பட்டில் அவை மிகக் குறைவு. சுருட்டை முடி சுருட்டையாகவே இருப்பதற்கு இப்பிணைப்புகளும் காரணம். தண்ணீரும் சூடான அயர்னும் இவற்றைத் தொடுவதில்லை. அதனால்தான் அயர்ன் பண்ணிய முடி குளித்ததும் பழையபடி சுருண்டுவிடுகிறது. நிரந்தரமாக மாற்ற வேண்டுமானால் ரசாயனத்தால் இப்பிணைப்பை உடைத்தாக வேண்டும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டிலில் 20 வால்யூம் என்று போட்டிருந்தால், 1 லிட்டர் கரைசல் 20 லிட்டர் ஆக்சிஜன் வெளிவிடும் என்று பொருள்; ஏறக்குறைய 6 சதவீதம். 40 வால்யூம் 12 சதவீதம். எண்ணைப் பார்க்காமல் எடுத்தால் தலைத்தோல் வெந்துவிடும்.

இன்னொன்று, நம் வீட்டுப் பார்லர்களுக்கே உரியது. பர்தாவுக்காக ஜன்னலை மூடித் திரை போட்டுவிடுகிறோம். முடி நேராக்கும் 'கெரட்டின்' சிகிச்சை மருந்துகள் சிலவற்றைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வெளியேறும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. வாடிக்கையாளர் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார், நம் பிள்ளைதான் நாள் முழுக்கச் சுவாசிப்பாள். அத்தகைய மருந்தைத் தவிர்ப்பதே நல்லது; எப்படியிருந்தாலும் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாமல் பார்லர் தொடங்க வேண்டாம்.

இனி மருதாணி. இலையில் லாசோன் என்ற சாயம் இருக்கிறது. அது தோலின் கெரட்டினோடு ஒட்டிக்கொள்கிறது. படலமாகப் படிவதில்லை, எனவே ஒளுவின் தண்ணீரைத் தடுப்பதில்லை. நகப்பாலிஷ் அப்படியல்ல, அது நகத்தின்மேல் படலமாகவே நிற்கும். மருதாணிச் சாயம் முதலில் ஆரஞ்சாகத் தெரிந்து ஓரிரு நாளில் சிவக்கும். ஒருபோதும் கறுப்பாகாது.

அப்படியானால் சில நிமிடங்களில் கறுக்கும் 'பிளாக் மெஹந்தி'? அதில் பெரும்பாலும் பி.பி.டி. எனப்படும் பாரா ஃபெனிலீன் டைஅமின் கலந்திருக்கும். ஹேர்டையில் உள்ள அதே பொருள்தான். ஐரோப்பிய ஒன்றியம் ஹேர்டையில் 2 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை, தோலில் பூசவோ அனுமதியே இல்லை. கையில் கொப்புளம் வந்து ஆறிவிட்டாலும் உடல் அதை மறக்காது. பல ஆண்டுகள் கழித்துத் தலைக்கு டை அடிக்கும்போது முகம் வீங்கலாம். நரைக்குக் கறுப்புச் சாயம் கூடுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். நாம் இங்கே சொல்வது தோலைப் பற்றி.

அசல் மருதாணியையும் கைக்குழந்தைக்கு இட வேண்டாம். ஜி6பி.டி. நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு லாசோன் சிவப்பணுக்களை உடைத்துவிடும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரிவதில்லை.

ஹேர்டை போடுமுன் காதின் பின்புறம் சிறிது தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும். முன்சோதனை செய்யச் சொல்லியும், புருவத்திலும் இமையிலும் போட்டால் பார்வை போகலாம் என்றும் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டுமென்பது இந்தியச் சட்டம். பெருநாளுக்கு முந்தின இரவு அவசரமாக வருபவருக்கு அந்த 48 மணி நேரம் கிடையாது. அவரிடம் இலை மருதாணி போதும் என்று சொல்லி அனுப்புங்கள்.