'திற', 'சேமி': ஒரு சிறு பெட்டியின் வரலாறும் நம் தமிழ்க் கோப்புகளும்

"டீச்சர், இந்த ஃபைல் கெட்டுப்போச்சு. திறந்தா ஒரே கிறுக்கலா வருது."

"கெட்டுப்போகலை சார். எந்தக் குறியீட்டுல சேமிச்சாங்கன்னு கண்டுபிடிச்சாப் போதும்."

சுங்கை ஆயர் தாவாரிலிருந்து கோல சிலாங்கூர் வரை, எந்தத் தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர் அறையிலும் இப்படி ஒரு பேச்சு எழலாம். அலமாரியின் அடித்தட்டில் பழைய டிஸ்கெட்டுகளும் குறுந்தட்டுகளும் கிடக்கும். அவற்றில் சோதனைத்தாள்கள், பள்ளி ஆண்டு மலர், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் குறிப்பு, விளையாட்டுப் போட்டிப் பெயர்ப்பட்டியல் எல்லாம் இருக்கும். தோட்டங்கள் கைமாறி, மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு, அங்கே யார் வாழ்ந்தார்கள், யார் படித்தார்கள் என்பதற்குச் சில இடங்களில் இந்தக் கோப்புகளே சான்றாக எஞ்சியிருக்கும். அவற்றைத் திறக்க முடியவில்லை என்றால் அந்த வரலாறும் சேர்ந்தே போய்விடும்.

எனவே நாம் தினமும் யோசிக்காமல் சொடுக்கும் 'திற', 'சேமி' என்னும் இரு கட்டளைகளின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கும் இது பயன்படும்.

பெட்டி வருவதற்கு முன்

1980-களில் நம் நாட்டு அலுவலகங்களுக்கு வந்த கணினிகளில் பெரும்பாலானவை டாஸ் இயங்குதளத்தில் ஓடின. கோப்பைத் திறக்க அதன் பெயரை ஓர் எழுத்துகூடப் பிசகாமல் தட்டச்சு செய்ய வேண்டும். பெயருக்கு 8 எழுத்து, புள்ளிக்குப் பின் வகையைக் காட்ட 3 எழுத்து, அவ்வளவுதான் இடம். அதனால் 'நான்காம் ஆண்டு தமிழ்மொழி அரையாண்டுச் சோதனை' என்பது, தட்டச்சு செய்தவருக்கு மட்டுமே புரியும் ஓர் ஆங்கிலச் சுருக்கமாகிவிடும். அவர் மாற்றலாகிப் போனால் கோப்பைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.

1984 ஜனவரியில் வெளிவந்த ஆப்பிள் மெக்கிண்டாஷ் இதை மாற்றியது. கோப்பு திறக்கவும் சேமிக்கவும் பொதுவான உரையாடல் பெட்டிகள் கணினியோடேயே வந்தன. நிரல் எழுதுபவர் அவற்றை அழைத்தால் போதும். பயனர் பட்டியலைப் பார்த்துச் சுட்டியால் தேர்ந்தெடுப்பார். விண்டோஸில் அந்த வசதி 1992-இல் வெளிவந்த 3.1 பதிப்போடு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிரலும் தன் பெட்டியைத் தானே வரைந்துகொண்டது. ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தடுமாறும். 1995-இல் விண்டோஸ் 95 வந்ததும் நீண்ட கோப்புப் பெயர்களும் சாத்தியமாயின.

பெட்டி என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை

மாணவர்கள் இங்கே ஒரு செய்தியை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். 'சேமி' பெட்டி எதையும் சேமிப்பதில்லை. 'திற' பெட்டி எதையும் திறப்பதில்லை. பயனர் தேர்ந்தெடுத்த கோப்பின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் நிரலுக்குச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. பயனர் 'ரத்து' பொத்தானை அழுத்தினால் பெயரே வராது. அதையும் நிரல் சோதித்துப் பார்க்க வேண்டும். வட்டில் எழுதுவதும், வட்டிலிருந்து படிப்பதும் நிரலின் பொறுப்பு.

கணினி வட்டில் 'அ' என்ற எழுத்து 'அ'-வாக உட்கார்ந்திருப்பதில்லை. அங்கே இருப்பவை எண்கள். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற உடன்பாட்டைத்தான் எழுத்துக்குறியீடு என்கிறோம். சேமித்தவரும் திறப்பவரும் ஒரே உடன்பாட்டில் இருந்தால் தமிழ் தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் கிறுக்கல்தான். பெட்டி பெயரைக் கேட்டது, இடத்தைக் கேட்டது. எந்தக் குறியீடு என்று நெடுங்காலம் கேட்கவே இல்லை. தமிழ்க் கோப்புகளின் சிக்கல் இங்கேதான் தொடங்கியது.

ஆளுக்கொரு குறியீடு

தமிழ்க் கணிமையின் தொடக்க வரலாற்றில் மலேசியாவுக்குத் தனி இடம் உண்டு. கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். பிறகு 'முரசு அஞ்சல்' என்ற பெயரில் அது உலகத் தமிழரிடையே பரவியது. சிங்கப்பூரில் எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' முறையை உருவாக்கினார். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மேலை நாடுகளிலும் பலர் எழுத்துருக்களை வடித்தார்கள்.

அன்றைய குறியீடுகளில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். ஆக மொத்தம் 256 இடங்கள். முதல் 128-ஐ ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி முதலியவை எடுத்துக்கொண்டன. மீதி 128-க்குள் நம் 247 எழுத்துகளையும், கிரந்த எழுத்துகளையும் எப்படி அடக்குவது? துணைக்கால், கொம்பு, புள்ளி எனப் பிரித்து அடுக்கினார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அடுக்கினார்கள். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்தார்கள். அதனால் ஓர் எழுத்துருவில் எழுதியதை இன்னோர் எழுத்துருவில் படிக்க முடியவில்லை. சபாக் பெர்ணத்தில் தட்டச்சு செய்த சோதனைத்தாளைக் கிள்ளானில் திறக்க, அதே எழுத்துருவையும் டிஸ்கெட்டில் போட்டுக் கொடுத்தனுப்ப வேண்டிய நிலை.

ஒரே குறியீட்டை நோக்கி

1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாடு இந்தச் சிக்கலைப் பொதுவில் வைத்துப் பேசியது. இணைய மடற்குழுக்களில் பல நாட்டுத் தமிழர்கள் விவாதித்து 'டிஸ்கி' என்ற குறியீட்டை வகுத்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் இலக்கியங்களை அந்தக் குறியீட்டிலும் வெளியிட்டது. 1999-இல் சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த 'டாப்', தமிழ் மட்டுமேயான 'டாம்' ஆகிய குறியீடுகளும், தமிழ்99 விசைப்பலகையும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. 2000-இல் சிங்கப்பூர் மாநாட்டையொட்டி உத்தமம் அமைப்பு உருவானது. 2001-இல் மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது.

இதற்கிடையே இன்னொரு பாதையும் வளர்ந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே குறியீடு என்ற நோக்கத்தோடு 1991-இல் வந்த யூனிகோட், தமிழுக்கெனத் தனியாக 128 இடங்களை ஒதுக்கியது. ஆனால் குறியீடு இருந்தால் மட்டும் போதாதே, இயங்குதளமும் புரிந்துகொள்ள வேண்டும்! விண்டோஸில் அது 2000-ஆம் ஆண்டுப் பதிப்போடுதான் நடந்தது. 'லதா' எழுத்துரு அதில் சேர்ந்தே வந்தது.

அதே விண்டோஸ் 2000-இல் நோட்பேட் செயலியின் 'சேவ் ஆஸ்' பெட்டியில், கோப்புப் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு வரி முளைத்தது. ஆன்சி, யூனிகோட், யூ.டி.எஃப்.-8 எனக் குறியீட்டைத் தேர்ந்தெடுக்கும் வரி அது. பெட்டி கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டது. ஆனால் முன்கூட்டியே தேர்ந்திருந்த விடை ஆன்சி. தமிழ் எழுதிவிட்டு அதை மாற்றாமல் விட்டால், எழுத்துகள் இழக்கப்படும் என்று ஓர் எச்சரிக்கை ஆங்கிலத்தில் வரும். அவசரத்தில் 'ஓகே' தட்டிவிட்டால் முடிந்தது. 2019-இல்தான் நோட்பேடின் முன்னிருப்பு யூ.டி.எஃப்.-8 ஆனது.

கிறுக்கலைப் படிப்பது எப்படி?

இந்த வரலாறு தெரிந்தவருக்கு எல்லாக் கிறுக்கலும் ஒன்றல்ல. நான்கு வகையைப் பிரித்தறியலாம்.

முதல் வகை, கட்டம் கட்டமாகத் தெரிவது. எழுத்துரு மட்டும்தான் இல்லை. கோப்பு நலமாக இருக்கிறது. தமிழ் எழுத்துருவை நிறுவினால் போதும்.

இரண்டாம் வகை, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிறிய ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் திரும்பத் திரும்ப வருவது. இது யூ.டி.எஃப்.-8 கோப்பை ஆன்சி என்று நினைத்துத் திறந்ததன் விளைவு. இந்த முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அதனால்தான் அந்த ஏ விடாமல் வருகிறது. சரியான குறியீட்டைத் தேர்ந்து மறுபடி திறங்கள், தமிழ் வந்துவிடும். மாணவர் பெயர்ப்பட்டியலைக் காற்புள்ளி பிரிக்கும் கோப்பாக எக்செலில் நேரடியாகத் திறக்கும்போது இது அடிக்கடி நடக்கும்.

மூன்றாம் வகை, ஆங்கில எழுத்துகளும் விநோதக் குறிகளும் கலந்து, ஒரே வடிவம் விடாமல் திரும்பாமல் வருவது. இது பழைய எழுத்துருக் குறியீடு. வேர்ட் கோப்பாக இருந்தால் அந்த வரியில் சொடுக்கி, மேலே எழுத்துருப் பெயர் காட்டும் இடத்தைப் பாருங்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே நிற்கும். அந்தப் பெயர்தான் சாவி. அதை வைத்து என்.எச்.எம். மாற்றி, பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் யூனிகோடாக மாற்றலாம்.

நான்காம் வகை, வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்பது. சேமிக்கும்போதே எழுத்துகளுக்குப் பதிலாகக் கேள்விக்குறி எழுதப்பட்டிருந்தால், அந்தக் கோப்பிலிருந்து மூலத்தை மீட்க முடியாது. வேறு பிரதி இருக்கிறதா என்று தேட வேண்டியதுதான்.

முன்னே சொன்ன ஆசிரியர் "கெட்டுப்போச்சு" என்றாரே, பெரும்பாலும் அது இரண்டாவதோ மூன்றாவதோ வகையாகத்தான் இருக்கும். தெரியாமல் அழித்துவிடுவதுதான் உண்மையான இழப்பு.

இன்று நாம் செய்ய வேண்டியது

பழைய கோப்பைத் திறந்ததும் 'சேமி' கட்டளையைத் தொடாதீர்கள். அது மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடும். 'சேவ் ஆஸ்' கொடுத்து, புதுப் பெயரில், யூனிகோடில் வையுங்கள். மூலத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். மாற்றத்தில் ஏதாவது எழுத்துப் பிசகியிருந்தால் ஒப்பிட அது வேண்டும். பெயரில் பள்ளி, ஆண்டு, பாடம் மூன்றும் இருக்கட்டும். எக்செல் பட்டியல்களுக்கு, 'சேவ் ஆஸ்' வகைப் பட்டியலில் யூ.டி.எஃப்.-8 என்று குறிப்பிட்டுள்ள வகையைத் தேர்ந்தெடுங்கள்.

செயலி உருவாக்கும் மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் செயலியில் திற, சேமி பெட்டிகளைச் சேர்ப்பது இரண்டு வரி வேலை. அடுத்த வரியில் கோப்பை எழுதும்போது யூ.டி.எஃப்.-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். படிக்கும்போதும் அதையே சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், விண்டோஸில் ஓடும் பைத்தானின் பல பதிப்புகள் கணினியின் பழைய முன்னிருப்புக் குறியீட்டை எடுத்துக்கொண்டு, தமிழை எழுத முடியாமல் பிழை காட்டி நின்றுவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தவருக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது. ஆகவே முதல் சோதனையே 'அம்மா' என்ற சொல்லாக இருக்கட்டும்.

பள்ளிக் கட்டடம் இடம் மாறலாம், தோட்டத்தின் பெயரே மாறலாம். அலமாரியில் கிடக்கும் அந்தப் பழைய கோப்பைச் சரியாகத் திறந்து, சரியாகச் சேமிப்பது நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு டிஸ்கெட்டிலாவது தொடங்குவோமே!

மாணவர்கள் சிந்திக்க

1. 'சேமி' உரையாடல் பெட்டி நிரலுக்குத் திருப்பித் தருவது எது? பயனர் ரத்து செய்தால் நிரல் என்ன செய்ய வேண்டும்?

2. 'அம்மா' என்ற சொல்லில் நம் கணக்குப்படி 3 எழுத்து. யூனிகோடில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என 5 குறிகள். யூ.டி.எஃப்.-8 முறையில் அது ஏன் 15 பைட் ஆகிறது என்று விளக்குக.

3. உங்கள் பள்ளியின் பழைய தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்து, அது நான்கு வகைகளில் எதைச் சேர்ந்தது என்று ஆசிரியரோடு கலந்து பேசிக் கண்டறிக.