இணைப்பைத் துண்டிக்கும் உரிமை

எஸ்கியூஎல் சர்வரில் பேக்கப் ஒன்றை ரீஸ்டோர் செய்யப் போனவர்களில் 3101ஆம் எண் பிழைச்செய்தியைப் பார்க்காதவர் குறைவு. தரவுத்தளத்தில் வேறு யாரோ இருக்கிறார்கள், முழுதாக உங்கள் கையில் தர முடியாது என்பதே அதன் சாரம். இதைச் சர்வரின் பிடிவாதம் என்று அலுத்துக்கொள்கிறோம். அந்த மறுப்பு பிறந்த காலத்தில் அது நியாயமானது. இணைப்பு என்பதன் தன்மை மாறிய பிறகும் ‘உள்ளே யாராவது இருக்கிறார்களா’ என்ற பழைய கேள்வியையே கேட்டுக்கொண்டிருப்பதுதான் சிக்கல். அந்த மறுப்பின் வேர் பூட்டுகளில் இருக்கிறது. 1970களில் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் சிஸ்டம் ஆர் உருவானபோது, ஜிம் கிரேயும் உடன் உழைத்தவர்களும் பூட்டுகளை அடுக்கடுக்காக அமைத்தார்கள். ஒரு வரியைப் பூட்டுபவர், அதற்கு மேலுள்ள அட்டவணையிலும் தன் நோக்கத்தைக் குறித்துவிட வேண்டும். முழுவதையும் கேட்டு வருபவர் வரிவரியாகத் தேடாமல் மேலே பார்த்தாலே போதும். எஸ்கியூஎல் சர்வரின் ஏற்பாடும் இதே வழிதான்: உள்ளே இருக்கும் ஒவ்வொரு இணைப்பும் தரவுத்தளத்தின் மேல் ஒரு பகிர்வுப் பூட்டு வைத்திருக்கும், ரீஸ்டோருக்கோ தனிப்பூட்டு வேண்டும்.

1989இல் மைக்ரோசாஃப்ட், சைபேஸ், ஆஷ்டன்-டேட் மூன்றும் சேர்ந்து ஓஎஸ்/2வுக்காக இந்த சர்வரை வெளியிட்டபோது, இணைப்பு ஒன்று இருந்தால் பெரும்பாலும் மறுமுனையில் ஓர் ஆள் இருந்தார். இணைப்புகளைப் பட்டியலிடும் ‘எஸ்பி ஹூ’ கட்டளையை ஓட்டினால் கணினியின் பெயரும் லாகின் பெயரும் வரும். அவரைக் கூப்பிட்டு வெளியே வரச் சொன்னால் வேலை முடிந்தது. 1990களில் இணைப்புத் தொகுப்பு (அதாவது பூலிங்) பரவியதும் இந்த ஒழுங்கு கலைந்தது. நிரல் இணைப்பை மூடினாலும், அடுத்த வேண்டுகோளுக்காக அது திறந்தே வைக்கப்படுகிறது. பஸ் சீட்டில் துண்டு போட்டுவிட்டு ஆள் டீக்கடைக்குப் போய்விட்ட கதை. பட்டியலில் ‘ஸ்லீப்பிங்’ என்று வரும். செய்வதற்கு எதுவும் இராது. பூட்டு மட்டும் அப்படியே இருக்கும். பல நேரம் தடையாக நிற்பது ரீஸ்டோர் செய்பவரே திறந்து வைத்த இன்னொரு குவெரி ஜன்னல்தான்!

இதற்கு நிர்வாகிகள் முதலில் கண்ட வழி, பட்டியலைச் சுற்றிவந்து ஒவ்வொன்றுக்கும் ‘கில்’ கொடுக்கும் ஸ்கிரிப்ட். வெட்டப்பட்ட செயலி ரீஸ்டோர் தொடங்கும் முன்பே மறுபடி உள்ளே வந்துவிடும் என்பதால் அது பாதி வைத்தியம்தான். எஸ்கியூஎல் சர்வர் 2000இல் ‘சிங்கிள் யூசர் வித் ரோல்பேக் இம்மீடியட்’ வந்தது: எல்லோரையும் வெளியேற்றி, ஒரே ஓர் இணைப்பை மட்டும் அனுமதிக்கும் கட்டளை. அந்த ஒற்றை இடத்தையும் ஏதாவது ஒரு பின்னணிச் சேவை முந்திக்கொண்டால், கட்டளையிட்டவரே வெளியே நிற்க வேண்டியதுதான். இன்னொரு தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்கியூஎல் மெதுவாக நகர்ந்தது. பிறருடைய இணைப்பை எஸ்கியூஎல் வழியே முடிக்கும் செயற்கூறு 2009இல் 8.4 பதிப்பில் வந்தது. ஆட்கள் உள்ளே இருக்கும்போதே தரவுத்தளத்தை நீக்கும் ‘ஃபோர்ஸ்’, 2020இல் 13ஆம் பதிப்பில்தான் வந்தது.

இப்படி வெட்டினால் யாரோ செய்துகொண்டிருந்த வேலை போய்விடாதா? முடிவுறாத பரிவர்த்தனை மட்டும் திரும்ப அவிழ்க்கப்படும். இடையில் மின்சாரமே போனாலும் தரவு குலையாது. இதை நம்பகமாக்கிய ஏரீஸ் முறையை 1992இல் வெளியிட்ட ஆய்வாளர்களில் முதன்மையானவர் சென்னை ஐஐடியில் படித்த சி. மோகன், எஸ்கியூஎல் சர்வரின் மீட்பு முறையும் அந்த வழியில் வந்ததே. அவிழ்ப்புக்கு நேரம் பிடிக்கும் என்ற குறை நியாயமானது. மணிக்கணக்கில் ஓடிய பரிவர்த்தனையை வெட்டிவிட்டு, ‘இம்மீடியட்’ என்று எழுதியிருக்கிறதே என்று காத்திருப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும். 2019 பதிப்பின் விரைவு மீட்பு வசதி வந்த பிறகே அதற்கு மருந்து கிடைத்தது.

ஆனால் ரீஸ்டோரில் பெரிய இழப்பு அந்த அரைகுறை வேலை அல்ல. பேக்கப் எடுத்த பிறகு முறையாக முடிந்து கமிட் ஆன எல்லாமே மேலெழுதப்பட்டுப் போகும். அதைப் பற்றி 3101 ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. யாருமே இல்லாத தரவுத்தளத்தில் அது வாய் திறக்காது, அன்று காலை பதிந்த ஆயிரம் ரசீதுகள் அழியப்போகின்றன என்றாலும். இந்த ஓட்டையை அடைத்தது 2005 பதிப்பின் 3159ஆம் பிழை: முழு மீட்பு முறையில் உள்ள தரவுத்தளத்தின் லாக் வால்பகுதியை (அதாவது இன்னும் பேக்கப் எடுக்கப்படாத கடைசிப் பதிவுகளை) பேக்கப் எடுக்காமல் மேலெழுத விடமாட்டேன் என்கிறது அது. ரீஸ்டோர் கட்டளையில் ‘வித் ரீப்ளேஸ்’ சேர்த்தால் அதுவும் விலகிக்கொள்ளும்.