ஆவாரையும் அது நிற்கும் நிலமும்

பெங்களூரைச் சூழ்ந்த பன்னேர்கட்டா, சாவனதுர்கா, துரஹள்ளிப் புதர்க்காடுகளில், பாறை இடுக்கிலும் செம்மண் சரிவிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையைக் கன்னடத்தார் தங்கடி என்றும் ஆவரிகெ என்றும் அழைக்கிறார்கள். இச்செடியைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் பயன்களை அடுக்குவதோடு நின்றுவிடுகின்றன: பட்டை தோல் பதனிட, பூ குடிநீருக்கு, தழை உரத்துக்கு, குச்சி பல் துலக்க. இக்கட்டுரை சொல்ல வருவது வேறு. இப்பயன்களைத் தந்தது செடி மட்டுமன்று; வெயில் தாராளமாக விழும், மரம் அடராத வறண்ட திறந்தவெளியும் சேர்ந்தே தந்தது. அந்த நிலத்துக்குத் தரிசு என்று பெயரிட்டு மரம் நட்டுக்கொண்டே ஆவாரையைப் புகழ்வது பொருந்தாது.

தோல் தொழிலே இதற்கு வலுவான சான்று. காய்ந்த ஆவாரம்பட்டையில் நூற்றுக்கு 15 பங்குக்குக் குறையாமல் துவர்ப்புச் சத்து உண்டு. கிளையை வெட்டிப் பட்டை உரித்தாலும் அடிக்கட்டையிலிருந்து செடி மீண்டும் துளிர்க்கும். அதனால் யாரும் பயிரிடாமலே, புறம்போக்கிலும் குன்றுச் சரிவிலும் வெட்டிக் கட்டிய பட்டை சென்னை மாகாணத்துத் தோல் கிடங்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆவாரையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும். அதைத் தடுக்கக் கடுக்காய்ச் சாற்றில் முடிப்பார்கள். இப்படி உருவான ‘கிழக்கிந்தியத் தோல்’ முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் பூட்சுகளுக்கு இன்றியமையாததாகி, அதன் வணிகத்தை அரசே தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. ஆவாரையின் இடத்தைப் பிடித்தவை இரண்டு. ஒன்று குரோம் பதனிடல். சென்னையில் அதை முன்னெடுத்த ஆல்ஃபிரெட் சாட்டர்டனே பின்னர் மைசூர் அரசின் தொழில்துறை இயக்குநரானார். மற்றது வாட்டில் பட்டை. ஆஸ்திரேலியாவில் பிறந்து, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பயிராகி இறக்குமதியான அது, பிறகு நீலகிரியிலும் பழனி மலையிலும் தோட்டமாக நடப்பட்டது. இன்று அவ்வாட்டில் மரமே அம்மலைகளின் புல்வெளிகளை மூடிப் பரவுகிறது. சமவெளியின் திறந்த நிலத்தில் தானாகக் கிடைத்த ஒன்றுக்கு மாற்றாக, மலையின் திறந்த நிலத்தைப் பலி கொடுத்திருக்கிறோம். இரண்டு நிலங்களையும் ‘வெற்றிடம்’ என்று கண்டது ஒரே கண்தான்.

அந்தக் கண்ணுக்கு ஆவணச் சான்றும் உண்டு. இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியன், சேத் ஆகியோரின் 1968ஆம் ஆண்டு நூல், வறண்ட இலையுதிர் புதர்க்காட்டைச் ‘சீரழிவு நிலை’ என்ற தலைப்பின்கீழ் வைக்கிறது. நடுவண் அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்புகளில் ‘புதர் உள்ள நிலம்’ ஒரு தரிசு வகை. பெயர் இப்படி அமைந்துவிட்ட பிறகு, 1980களின் சமூகக் காடு வளர்ப்பில் பெங்களூர், கோலார் வட்டாரங்களில் தைலமரம் பெருகியது வியப்பில்லை. 2017இல் கர்நாடக அரசு தைலமர நடவைத் தடை செய்தது. ஆனால் புதர்க்காட்டை மரத்தால் ‘மேம்படுத்தும்’ எண்ணம் அத்துடன் போய்விடவில்லை. 2021இல் துரஹள்ளியில் மரப்பூங்கா அமைக்கும் திட்டம் மக்கள் எதிர்ப்பால்தான் நின்றது.

இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஆடுமாடுகள் ஆவாரையை விரும்பி மேய்வதில்லை. எனவே மேய்ச்சல் மிகுந்த இடத்தில் மற்றச் செடிகள் அழிய ஆவாரை பெருகும். ஆகவே அதன் பெருக்கமே சீரழிவின் அடையாளம் என்பார்கள். இதில் பாதி உண்மை. மேய்ச்சலாலும் விறகு வெட்டாலும் நலிந்த சரிவுகள் பெங்களூரைச் சுற்றிப் பல உள்ளன. ஆனால் நலிவு என்பது ஒரு நிலத்தின் நிலைமை. அந்நிலத்தின் இயல்பு ஆகாது. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் ஆவிரை இடம்பெறுகிறது. காதல் கைகூடாமல் மடலேறுபவன் சூடும் பூக்களில் ஒன்றாகவும் சங்கப் பாடல்கள் அதைக் காட்டுகின்றன. ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழர் கண்ட ஒரு செடியை அண்மைக் காலச் சீர்கேட்டின் விளைவு என்று மட்டும் கொள்ள இயலாது. நலிந்த புதர்க்காட்டுக்கு மருந்து மேய்ச்சலை ஒழுங்குபடுத்துவதே. நிழல் மரம் நட்டால் நோயோடு நோயாளியும் போய்விடுவார்.

சாலையோரமெல்லாம் ஆவாரை நிற்கும்போது கவலை எதற்கு என்ற கேள்விக்கு அதன் பூவே விடை சொல்கிறது. ஆவாரம்பூவில் தேன் இல்லை. மகரந்தப் பைகள் நுனித் துளை வழியாகவே திறக்கும். உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும் தச்சு வண்டு போன்ற தேனீ இனங்களே இதற்கு ஏற்றவை. கொம்புத்தேனீயால் அந்த வேலையைச் செய்ய இயலாது. தச்சு வண்டோ பட்ட மரத்தில் துளையிட்டு வாழ்வது. பட்டுப்போன கிளையை விட்டுவைக்கும் காடு அதற்கு வேண்டும். மருத்துவப் பயனுக்கும் சாலையோரச் செடி போதாது. நீரிழிவுக்கு ஆவாரம்பூ நல்லது என்ற நம்பிக்கைக்கு விலங்குச் சோதனைகளில் ஆதரவு உண்டு. அதை மனிதருக்கு உறுதிசெய்யப் பெரிய அளவிலான ஆய்வு தேவை. எப்படியாயினும், வாகனப் புகை படிந்த சாலையோரப் பூவைப் பறித்துக் காய்ச்சுவது நல்லதன்று. பயிரிட்டால் பூ கிடைக்கும் என்பது சரியே, காடு கிடைக்காது. பெங்களூருக்கு வடமேற்கே ஹெசரகட்டாவில் 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட புல்வெளியைக் காப்பகமாக்க 2024இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மரமில்லாத நிலத்தை மரமில்லாமலே காக்க ஓர் அரசு இசைந்தது என்பதால், புதர்க்காட்டுக்கும் அதே உரிமையைக் கேட்பதற்கு இனி முன்னுதாரணம் இருக்கிறது.