குழாய் ரேடியோவிலிருந்து கைப்பெட்டிக்கு

கூரையும் சுவரும் இல்லாத இடத்தில் ஒலி தங்குவதில்லை. அறைக்குள் என்றால் சுவர்கள் அதைத் திருப்பித் தந்துகொண்டே இருக்கும். மொட்டை மாடியிலோ தோப்பிலோ கோயில் திடலிலோ, தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஏறக்குறைய 6 டெசிபல் கரைந்துவிடும். 1 மீட்டரில் கேட்ட ஒலி 16 மீட்டர் போவதற்குள் 24 டெசிபலை இழக்கிறது. வெட்டவெளியில் பாட்டுப் போட நினைத்த ஒவ்வொரு தலைமுறையும் இந்தக் கணக்கோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறது. அந்தந்தக் காலத்தில் எது அரிதாக இருந்ததோ, அதை மிச்சம் பிடிக்கும்படிதான் கருவி உருவம் பெற்றது. இனிமை என்பது அதற்குப் பிறகுதான். இன்று விருந்துக்குக் கையில் தூக்கிப்போகும் ஒயர்லெஸ் ஸ்பீக்கரும் இதே வரலாற்றின் ஒரு கட்டம். அதைத் தேர்ந்தெடுக்க, அட்டையில் அச்சிட்ட வாட் எண்ணைவிட இந்த வரலாறு நன்றாக வழிகாட்டும் என்பது என் வாதம்.

மின்சாரத்துக்கு முன் அரிதாக இருந்தது மூச்சு. நாதஸ்வரத்தின் உலவு, அதாவது உடற்குழல், மேலிருந்து கீழாக விரிந்துகொண்டே போய் அணசு என்ற அடிப்பகுதியில் வாய் திறக்கிறது. ஒரு மனிதரின் மூச்சு தெருக்கோடி வரை போவதற்கு அந்த விரிவு முக்கியக் காரணம். குட்டையான திமிரி நாதஸ்வரத்தின் சுருதி உயர்ந்து நின்றதும், கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில் உச்ச சுருதியில் பாடிப் பேர் வாங்கியதும் இதே தேவையின் கீழ் நடந்தவைதான். மனிதக் காது கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை. கீழ்ச்சுருதியில் பாடினால் கடைசி வரிசைக்குப் பாட்டு போய்ச் சேராது.

மின்சாரம் வந்த பிறகு அரிதானது அந்த மின்சாரமே. 1915இல் கலிபோர்னியாவின் நாப்பா ஊரில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும், காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருளை ஒரு கிராமபோன் குழலோடு இணைத்தார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சான் பிரான்சிஸ்கோ நகரமன்றத்தின் முன் கூடிய பெருங்கூட்டம் அதன் வழியாகப் பாட்டும் பேச்சும் கேட்டது. 1919இல் சான் டியேகோவில் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் பேசியதும் அவர்களுடைய மேக்னவாக்ஸ் கருவியில்தான். குழலைச் சேர்த்ததற்குத் தெளிவான காரணம் உண்டு. சிறிய தகடு தனியாக அதிர்ந்தால் காற்று அதற்குப் பிடிகொடுக்காது. கொடுத்த மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே வீணாகும். மெல்ல மெல்ல விரியும் குழல், அந்தத் தகட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் நின்று பிடிமானம் தருகிறது. ஒலியை ஒரே திசையில் திரட்டியும் அனுப்புகிறது.

தமிழ்நாட்டுக்கு இந்தக் குழல் வந்து, குழாய் ரேடியோ என்றும் மைக் செட் என்றும் பேர் வாங்கி, ஒரு முழுத் தொழிலாகவே வளர்ந்தது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, ஆடி மாத மாரியம்மன் கோயில் விழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் முந்தின நாளே மைக் செட்காரர் வந்து பனைமரத்திலோ மூங்கில் கழியிலோ குழாய்களைத் திசைக்கொன்றாகக் கட்டிவிடுவார். கீழே ஒரு மேசையில் ஆம்ப்ளிஃபையர், இசைத்தட்டுப் பெட்டி, பின்னாளில் கேசட். மின்கம்பி எட்டாத ஊரில் பேட்டரிதான் துணை. சில பத்து வாட் கொண்ட ஒரு ஆம்ப்ளிஃபையர் பக்கத்து ஊருக்கும் விசேஷத்தை அறிவித்தது என்றால், அந்தக் குழாய் ஒவ்வொரு வாட்டையும் எவ்வளவு கவனமாகச் செலவழித்தது என்பது விளங்கும். அதற்கு ஈடாக அது விட்டுக்கொடுத்தது கீழ்ஸ்தாயியை. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். அதைக் குழல் சரியாக வெளியே தள்ள வேண்டுமானால் வாயின் சுற்றளவும் கிட்டத்தட்ட அவ்வளவு வேண்டும். அதாவது 1 மீட்டருக்கு மேல் அகலம். மரத்தில் கட்டும் குழாய் அதில் பாதி இருந்தாலே பெரிது. எனவே டிரம்ஸின் அடியும் பேஸ் கிட்டாரும் கழன்றுபோய், குரலும் புல்லாங்குழலும் வயலினும் மட்டும் ஊரைச் சுற்றின. அந்தக் கரகரப்பை மைக் செட்காரரின் ரசனைக் குறைவாகப் பார்ப்பது அநியாயம். அவர் கையிலிருந்த மின்சாரத்தில் வேறு எதுவும் அவ்வளவு தூரம் போயிருக்காது.

குழாய் வெறும் இரைச்சல், அது ஒழிந்ததே நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் அதிகாலைப் பாட்டிலிருந்து தப்ப வழியில்லாமல் இருந்தார்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுத்தன. அதே ஆண்டு, சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி வழக்கில், பிறரின் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியில் வழிபடும் உரிமை எந்த மதத்துக்கும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இவை தீர்ப்புச் சொல்வது பயன்பாட்டின் மேல். விசேஷத்தை ஊருக்கே சொல்லும் காரியத்துக்குப் பிறந்த கருவியை, வீடுகள் நெருங்கிய தெருவில் முழு வேகத்தில் வைத்ததுதான் தவறு. குழாயின் பொறியியல் சரியாகவே இருந்தது.

இனி கைப்பெட்டி. இங்கே அரிதானது மின்சாரம் இல்லை, இடம். ஆழமான பேஸ், சிறிய பெட்டி, குறைந்த மின்சாரத்தில் அதிக ஒலி. இந்த மூன்றில் இரண்டைத்தான் ஒருசேரப் பெற முடியும் என்பது ஸ்பீக்கர் வடிவமைப்பில் மாறாத விதி. 1954இல் எட்கர் வில்ச்சூரின் ஏ.ஆர்.-1 ஸ்பீக்கர், சிறிய மூடிய பெட்டியில் ஆழமான பேஸைக் கொண்டுவந்து காட்டியது. அதற்காக வாட்டுகளைத் தாராளமாகக் கேட்டது. வீட்டில் சுவர் மின்சாரம் இருந்ததால் அது பெரிய குறையாகப் படவில்லை. அதே பேரத்தைத் தோட்டத்துக்கு எடுத்துப்போக முடிந்தது, 1991இல் சந்தைக்கு வந்த லித்தியம் அயான் பேட்டரியும், சூட்டில் அதிகம் வீணாக்காத கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த பிறகுதான். பேரத்தின் விலை எண்ணிக்கையில் தெரியும். ஒரு வாட் கொடுத்து 1 மீட்டரில் அளந்தால் நல்ல குழாய் 105 டெசிபலைத் தாண்டும். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் 80, 85இல் நின்றுவிடும். 20 டெசிபல் வித்தியாசம் என்றால் 100 மடங்கு மின்சாரம். ஆகவே 30 வாட் என்று எழுதிய சிறு பெட்டி, நேர் எதிரில் நிற்பவருக்கு, ஒரே வாட் வாங்கும் குழாயை எட்டுவதில்லை.

உண்மையான புரட்சி ப்ளூடூத் அல்லவா என்று கேட்கலாம். பாட்டை யார் தேர்ந்தெடுப்பது என்பதில் அது பெரிய மாற்றம்தான்: மேசைக்குப் பின்னால் இருந்த ஒருவரின் அதிகாரம் விருந்தாளிகள் எல்லோருடைய போனுக்கும் போய்விட்டது. இது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஒலி எவ்வளவு தூரம் போகும் என்பதில் ப்ளூடூத்துக்குப் பங்கில்லை; அது ஒரு ஒயரை நீக்கியது, அவ்வளவே. இன்னும் வலுவான மறுப்பு, டிஜிட்டல் செயலிகள் அந்தப் பழைய விதியை வென்றுவிட்டன என்பது. கடைக்குள் மெதுவாக வைத்துக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். சிறிய கூம்பால் தள்ள முடிந்த காற்றுக்கு எல்லை உண்டு என்பதால், சத்தத்தைக் கூட்டக் கூட்ட பல பெட்டிகளில் செயலியே பேஸைக் குறைத்துக்கொண்டு வருகிறது. வெட்டவெளியில் சத்தத்தைக் கூட்டாமல் இருக்க முடியாது. கடையில் மயக்கிய பேஸ் அங்கே காணாமல் போய், கேட்பது மறுபடியும் குழாயின் ஒலிக்கு அருகில் வந்துவிடுகிறது.

ஆகையால் தோட்டத்துக்கு வாங்குபவர் கையில் எடை தெரியும் பெட்டியைத்தான் எடுக்க வேண்டும். முடிந்தால் கடை வாசலில், 10 மீட்டர் தள்ளி நின்று, ஒலியை முக்கால் அளவுக்கு மேல் வைத்துக் கேட்க வேண்டும். பேட்டரி 20 மணி நேரம் வரும் என்ற கணக்கு பெரும்பாலும் நடுத்தர ஒலியில் எடுத்தது. உரக்க வைத்தால் பல மடங்கு விரைவில் தீரும். பெரிய பெட்டி ஒன்றை ஓரத்தில் வைத்து அலறவிடுவதைவிட, இணைத்து இயக்கக்கூடிய நடுத்தரப் பெட்டிகள் இரண்டை விருந்தாளிகளுக்கு இரு பக்கமும் வைப்பது மேல். எல்லோருக்கும் தூரம் பாதியானால் 6 டெசிபல் செலவில்லாமல் கிடைக்கிறது, பக்கத்து வீட்டுக்குப் போவதும் குறைகிறது. மைக் செட்காரர்கள் தெரு நெடுகக் குழாய்களைப் பிரித்துக் கட்டியதும் இந்தக் கணக்கில்தான். பின்னால் ஒரு சுவர் இருந்தால் அது பேஸைக் கூட்டித் தரும். புல்தரையில் கிடத்தாமல் இடுப்புயர மேசையில் வைத்தால் பாட்டின் வார்த்தைகள் தெளிவாகக் கேட்கும்.