கதவைத் தட்டும் ஒன்பது இரவுகள்

நம் சபை கூடிவரும் ஆலயத்தில், நமக்கு முன்பாகக் காலை ஆராதனை நடத்துகிறவர்கள் ஸ்பானிய மொழிச் சபையார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் நண்பகலில் முடிக்கிறார்கள்; நாம் பிற்பகலில் கூடுகிறோம். நடுவில் நாற்காலிகளை ஒழுங்குபடுத்தும் அரைமணி நேரத்தில் ஒருவருக்கொருவர் கைகுலுக்கி, சிரித்துக்கொள்கிறோம். ஆண்டு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, இந்த அயலாரின் பழக்கம் ஒன்றைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். அதன் பெயர் பொசாடா. நம்முடைய கேரல் பவனிக்கு அது அண்ணன் முறை ஆகும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ‘லத்தீனோ’ என்றாலே மெக்சிகோக்காரர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடோர், கொலம்பியா, பெரு எனப் பல நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கும், இங்கேயே தலைமுறை தலைமுறையாய் வாழ்கிறவர்களுக்கும் அது பொதுப்பெயர். நாகர்கோவில்காரரையும் யாழ்ப்பாணத்தவரையும் பினாங்கிலிருந்து வந்தவரையும் ‘தமிழர்’ என்று ஒரே சொல்லில் அடக்குவதைப் போலத்தான். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் லத்தீனோ மக்களே. பொசாடா அவர்களுக்குள் மெக்சிகோ நாட்டாரின் சொத்து. குவாத்தமாலா போன்ற அண்டை நாடுகளிலும் உண்டு.

பொசாடா என்ற ஸ்பானியச் சொல்லுக்குச் சத்திரம் என்று பொருள். பெத்லகேமில் மரியாளுக்கும் யோசேப்புக்கும் கிடைக்காமல் போனதே, அந்தச் சத்திரம்தான். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள், மரியாளும் யோசேப்புமாக வேடமிட்ட இரு பிள்ளைகளை முன்னே விட்டு, மெழுகுவர்த்தி ஏந்திக்கொண்டு ஊரார் தெருவில் நடப்பார்கள். ஒரு வீட்டு வாசலில் நின்று பாட்டாகவே இடம் கேட்பார்கள். உள்ளே இருப்பவர்களும் பாட்டாகவே மறுப்பார்கள். இது சத்திரம் அல்ல, நீ யாரோ திருடனோ, எங்களைத் தூங்க விடு என்ற வகையில் மறுப்பு கடுமையாகவே இருக்கும். நான் தச்சன், என் மனைவி களைத்திருக்கிறாள் என்று வெளியிலிருந்து யோசேப்பு மன்றாடுவார். இப்படிப் பல கதவுகள் மூடியே இருக்கும். கடைசிக் கதவில்தான், வந்திருப்பது யார் என்று அறிந்து, எல்லாரையும் உள்ளே அழைத்துக்கொள்வார்கள். அப்போது பாட்டின் மெட்டே மாறிவிடும். மூடிய கதவுக்கு அப்பாலிருந்து வரும் அந்த மறுப்புதான் இந்தப் பழக்கத்தின் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் கேரல் பவனியில் கதவு உடனே திறந்துவிடும்; கேக்கும் காபியும் கையில் வந்துவிடும். பொசாடாவில் வெளியே நிற்பது எப்படியிருக்கும் என்பதைக் கொஞ்ச நேரமாவது உணர்ந்துவிட்டே உள்ளே போக வேண்டும்.

இதன் தொடக்கத்தை மெக்சிகோ நகரத்துக்கு வடகிழக்கே உள்ள அகோல்மன் என்னும் ஊரில் காண்கிறோம். ஸ்பெயின் நாட்டார் 1521-இல் அஸ்தேக்கரின் தலைநகரைக் கைப்பற்றிய பிறகு, பல துறவற சபையினர் அங்கே ஊழியத்துக்கு வந்தார்கள். அகோல்மனில் இருந்த அகுஸ்தீன் சபை மடத்தின் தலைவர் தியேகோ தெ சோரியா, கிறிஸ்துமஸுக்கு முந்திய ஒன்பது நாளும் திறந்த முற்றத்தில் திருப்பலி நடத்த, போப்பாண்டவர் ஐந்தாம் சிக்ஸ்துவிடம் 1587-இல் அனுமதி பெற்றார். மரியாள் குழந்தையைச் சுமந்த ஒன்பது மாதங்களுக்கு அடையாளமாக ஒன்பது நாள். அதே டிசம்பர் காலத்தில் அஸ்தேக்கர்கள் தங்கள் சூரிய, யுத்த தெய்வத்துக்குப் பெருவிழா எடுத்துவந்தார்கள். அந்த விழாவின் இடத்தில் இந்த விழாவை வைப்பதே துறவிகளின் எண்ணம். வென்றவர்களின் மதத்தோடு சேர்ந்து வந்த விழா இது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காலப்போக்கில் அது மடத்து முற்றத்தைவிட்டு வெளியேறி, வீடுகளுக்கும் தெருக்களுக்கும் வந்து, எளிய மக்களின் கைக்குப் போய்விட்டது. இன்று அதை நடத்துவது பெரும்பாலும் அக்கம்பக்கத்து அம்மாக்களும் பாட்டிமார்களும்தான்.

பிள்ளைகளே, உங்களுக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். கதவு திறந்ததும் முற்றத்தில் பின்யாட்டா தொங்கும். வண்ணக் காகிதம் ஒட்டிய மண்பானை அது. இப்போது அட்டையிலும் செய்கிறார்கள். பழைய முறைப்படி செய்தால் நட்சத்திரம்போல ஏழு கூம்புகள் இருக்கும். அவை ஏழு பெரும் பாவங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு கோலால் அடிப்பவர், கண்ணால் காணாமலே விசுவாசத்தினால் பாவத்தோடு போராடுகிறவர். பானை உடைந்தால் கொட்டும் மிட்டாய், தேவனுடைய கிருபை. ஊரில் பொங்கல் சமயத்தில் உறியடி பார்த்திருக்கும் உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு பானையை அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்வார்.

சாப்பாட்டிலும் நமக்குப் பழக்கமான முகங்கள் உண்டு. தமாலே என்பது மக்காச்சோள மாவுக்குள் இறைச்சியோ மிளகாயோ வைத்து, சோளக்கதிரின் மடலில் சுற்றி ஆவியில் வேகவைப்பது. பனையோலைக் கொழுக்கட்டை சாப்பிட்டவர்களுக்கு அதைப் பிரிக்கும் விதத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. (பெயரில் தமிழ் ஒலித்தாலும் அது மெக்சிகோவின் நாவாட்டில் மொழிச் சொல்.) போன்சே என்ற சூடான பானத்தில் கொய்யா, கரும்புத் துண்டு, பட்டை, புளி எல்லாம் சேர்ந்து கொதிக்கும். இந்தக் கோப்பையே ஒரு சரித்திரப் புத்தகம். கொய்யா அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் காலத்தில் நம் நாட்டுக்கு வந்த பழம், மிளகாயும் அப்படியே. கரும்பும் புளியும் கிழக்கேயிருந்து மெக்சிகோவுக்குப் போனவை. புளிக்கு ஸ்பானிய மொழியில் தமாரிந்தோ என்று பெயர். ‘இந்தியப் பேரீச்சை’ என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது.

இனி நம் நகரத்துக்கு வருவோம். லாஸ் ஏஞ்சலஸ் 1781 செப்டம்பர் 4-இல் 44 பேர் கொண்ட 11 குடும்பங்களால் நிறுவப்பட்டது. இன்றைய மெக்சிகோவின் வடமேற்குப் பகுதியிலிருந்து வந்தவர்கள் அவர்கள். பூர்வகுடிகள், ஆப்பிரிக்க வம்சத்தார், ஸ்பானியர் எனக் கலந்த கூட்டம். 1848-இல்தான் கலிஃபோர்னியா ஐக்கிய அமெரிக்காவுக்குக் கைமாறியது. ஆகவே இந்நகரத்தில் வந்தேறி யார், வீட்டுக்காரர் யார் என்பதற்கு எளிதான பதில் கிடையாது.

யூனியன் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பழைய சதுக்கத்தை ஒட்டி ஓல்வேரா தெரு இருக்கிறது. 1818-இல் கட்டிய அவிலா வீடு, நகரத்தில் இன்று நிற்கும் வீடுகளில் மிகப் பழையது, அங்கேதான் உள்ளது. அதை இடிக்கப்போகிறார்கள் என்று அறிந்த கிறிஸ்டின் ஸ்டெர்லிங் என்ற சீமாட்டி பாடுபட்டு, சிறைக் கைதிகளின் உழைப்பைக்கூட வாங்கி, தெரு முழுவதையும் மெக்சிகோ அங்காடியாக மாற்றினார். 1930 ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறன்று அது திறக்கப்பட்டது. அந்த ஆண்டு முதல் இன்றுவரை ஒவ்வொரு டிசம்பரிலும் அங்கே பொசாடா நடந்துவருகிறது.

அந்த முதல் பொசாடா முடிந்து இரண்டு மாதம் சற்றே கடந்த நிலையில், 1931 பிப்ரவரி 26 பிற்பகலில், குடியேற்ற அதிகாரிகள் போலீஸாரோடு வந்து அதே சதுக்கத்தின் வழிகளை அடைத்தார்கள். உள்ளே இருந்த சுமார் 400 பேரை நிறுத்தி வைத்து, தாள்களைக் காட்டச் சொன்னார்கள். கடைசியில் பிடித்துக்கொண்டு போனது சிலரைத்தான். ஆனால் அச்சம் ஊரெங்கும் பரவியது. பரவ வேண்டும் என்பதே நோக்கமாயிருந்தது. பொருளாதாரம் சரிந்து வேலையில்லாத் திண்டாட்டம் பெருகிய ஆண்டுகள் அவை. அந்த மார்ச் முதல் மாவட்ட நிர்வாகமே ரயில் ஏற்பாடு செய்து குடும்பம் குடும்பமாக மெக்சிகோவுக்கு அனுப்பிற்று. 1930-களில் நாடு முழுவதும் இப்படிப் பல லட்சம் பேர் போனார்கள். இங்கேயே பிறந்து, இந்நாட்டுக் குடிமக்களாயிருந்த பிள்ளைகளும் அவர்களில் பெருந்தொகையினர். கிட்டார் வாசிக்கும், மெழுகுவர்த்தி ஏந்தும் மெக்சிகோக்காரர் சுற்றுலாப் பயணிகளுக்கு வேண்டியிருந்தது. வேலை கேட்கும் மெக்சிகோக்காரர் வேண்டாதவரானார். கலிஃபோர்னியா அரசு 2005-இல்தான் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. சதுக்கத்துக்கு அருகிலேயே அந்த மன்னிப்பைச் சொல்லும் கல் 2012-இல் வைக்கப்பட்டது.

சதுக்கத்துக்கு எதிரே, தெருவைக் கடந்தால், 1822-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட கத்தோலிக்க ஆலயம் இருக்கிறது. மக்கள் அதை லா பிளசீட்டா என்பார்கள். 1980-களில் எல் சால்வடோரிலும் குவாத்தமாலாவிலும் உள்நாட்டுப் போர். எல் சால்வடோரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ 1980 மார்ச் 24-இல் திருப்பலி நடத்திக்கொண்டிருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். உயிர் தப்பி வந்தவர்களுக்கு அகதிகள் என்ற தகுதி கிடைப்பது இங்கே மிக அரிதாயிருந்தது. ரொமேரோ இறந்து சரியாக இரண்டாண்டு கழித்து, அரிசோனாவின் டூசான் நகரத்தில் ஒரு பிரெஸ்பிடேரியன் சபை, தன் ஆலயம் அடைக்கலம் என்று வெளிப்படையாக அறிவித்தது. அதன் போதகர் ஜான் ஃபைஃப் பின்னர் வேறு சிலரோடு நீதிமன்றத்தில் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். லா பிளசீட்டாவின் குருவானவர் லூயிஸ் ஓலிவாரெஸ் 1985 டிசம்பர் 12-இல், பொசாடா தொடங்க நான்கு நாள் முன்பாக, தம் ஆலயத்தையும் அடைக்கலமாக அறிவித்தார். தங்க இடமற்றவர்கள் இரவில் ஆலயத்தின் இருக்கைகளிலேயே படுத்துக்கொண்டார்கள். 1930-இல் தெருவில் பாடப்பட்ட கேள்விக்கு, தெருவின் மறுபக்கத்திலிருந்து 55 ஆண்டு கழித்து வந்த பதில் இது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

ஏறக்குறைய அதே நேரத்தில், 1986 ஆகஸ்டில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் 150-க்கும் மேற்பட்ட ஈழத் தமிழர் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். மீனவர்கள் அவர்களைக் கண்டு கரைசேர்த்தார்கள். நம் சபையிலும் அந்த ஆண்டுகளில் கையில் ஒரு பையோடு புறப்பட்ட குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு யோசேப்பின் பாட்டை நான் விளக்க வேண்டிய அவசியம் இருக்காது.

1990-களிலிருந்து சான் டியாகோ அருகே எல்லை வேலியின் இருபுறமும் நின்றுகொண்டும் பொசாடா பாடுகிறார்கள். ஒரு நாட்டில் நிற்பவர்கள் கேட்க, மறு நாட்டில் நிற்பவர்கள் பதில் பாடுகிறார்கள். 2025 ஜூனில் நம் நகரத்தில் குடியேற்றச் சோதனைகள் மறுபடியும் தெருவுக்கு வந்தன. அடுத்த மாதம், பக்கத்து சான் பெர்னார்டினோ மறைமாவட்டத்தின் ஆயர், அச்சத்தினால் ஞாயிறு திருப்பலிக்கு வர இயலாதவர்களுக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்கு அளித்தார். நம் ஆலயத்திலும் அந்த வாரங்களில் நாற்காலிகளை ஒழுங்குபடுத்தும் வேலை நமக்குக் குறைவாகவே இருந்தது. காலையில் உட்கார்ந்தவர்கள் அவ்வளவு கொஞ்சம்.

பிள்ளைகளை ஓல்வேரா தெருவுக்கு அழைத்துப்போக விரும்பும் பெற்றோர், ரயிலில் யூனியன் நிலையத்துக்கு வந்து இறங்கினால் போதும். காரை நிறுத்த அலைய வேண்டாம். ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை அதே தெருவில் ஆடு, கோழி, நாய், பூனை எல்லாவற்றையும் ஆசீர்வதிக்கும் ஊர்வலமும் உண்டு. ஆனால் டிசம்பரை விடாதீர்கள். சென்ற முறை நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் சிலரோடு போயிருந்தேன். பாட்டுத் தாளைக் கையில் தந்து, வெளியே நிற்கும் கூட்டத்தோடு பாடச் சொன்னார்கள். குளிராயிருந்ததால் பாதிப் பிள்ளைகள் உள்ளே இருக்கும் பக்கத்துக்குப் போகலாமா என்று கேட்டார்கள். அங்கிருந்த ஒரு பாட்டியம்மா சிரித்து, ஸ்பானிய மொழியில் ஏதோ சொல்லி, அவர்களை முன்வரிசையில் கதவுக்கு நேரே நிறுத்தினார். கதவு திறந்தபோது மக்காச்சோள மாவு கலந்த கெட்டியான சாக்லேட் பானத்தை முதலில் வாங்கியவர்கள் அவர்கள்தான்.